அமெரிக்கப் பாஸ்போர்ட்டை நீட்டும்போது எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார்?

கேள்வி கேட்டவர் பன்னிரண்டு வருடங்களாக அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். போன வருடம் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்திருக்கிறது. டிசம்பரில் மனைவி, பத்து வயது மகனோடு வியட்நாம் போகப் போகிறார். "அமெரிக்கர்கள் என்று சொன்னால் அங்கே முகம் சுளிப்பார்களா? இந்தியர் என்றே சொல்லிவிடலாமா? உலகம் வெறுப்பது அமெரிக்க அரசையா, அந்த மக்களையுமா?" என்று கேட்டிருக்கிறார். உடம்புக்கு ஆபத்து வருமா என்று அவர் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஓர் அரசு செய்து முடித்ததை, நேற்றுக் குடிமகனான என் கணக்கில் எழுதுவார்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

பதினெட்டு வருடம் கருத்துக்கணிப்பு வேலையில் இருந்தேன். பல நாடுகளில் ஒரே சமயத்தில் கேட்கப்படும் கேள்விகளைத் தமிழாக்குவது, களத்துக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, திரும்பி வரும் தாள்களைச் சரிபார்ப்பது என்று போனது காலம். வியட்நாமில் நான் வேலை செய்ததில்லை, ஒரு வாரம் சுற்றிப் பார்த்ததோடு சரி. அதனால் அந்த நாட்டைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி படித்ததும் எண்களில் பார்த்ததும்தான். கேள்வி கேட்பதையும் பதில் வருவதையும் பற்றிச் சொல்வது மட்டும் கைப்பட அறிந்தது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. "அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி" என்பது நம் பழமொழி. அமெரிக்கர்கள் விஷயத்தில் உலகத்தில் பெரும்பாலானோர் அப்படி நினைப்பதில்லை. பியூ ஆய்வு மையம் 2002 முதல் சில ஆண்டுகள் "அமெரிக்காவைப் பற்றி", "அமெரிக்கர்களைப் பற்றி" என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டது. ஏறக்குறைய எல்லா நாட்டிலும் மக்களுக்குக் கிடைத்த மதிப்பெண் நாட்டுக்குக் கிடைத்ததைவிட அதிகம். 2005-ல் பிரான்ஸில் அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் 43 சதவீதம், அமெரிக்கர்களைப் பற்றி 64 சதவீதம். ஈராக் போருக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, கோபம் ஆறாத நேரம். அப்போதும் இந்த இடைவெளி இருந்தது.

இரண்டாவது உறுதியான விஷயம், அரசைப் பற்றிய எண்ணம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. ஜெர்மனியில் 2008-ல் 31 சதவீதம் பேர்தான் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அது 64. அந்த ஒரு வருடத்தில் அமெரிக்கர்கள் மாறிவிடவில்லை, ஜெர்மானியர்களும் மாறவில்லை. புஷ் போய் ஒபாமா வந்தார், அவ்வளவுதான். இதே எண் பிறகு கீழேயும் போனது. ஆகவே யாராவது "உலகமே அமெரிக்காவை வெறுக்கிறது" என்றோ "உலகமே விரும்புகிறது" என்றோ சொன்னால், எந்த வருடம், எந்த ஊர் என்று கேளுங்கள்.

இந்த எண்களை நான் மதிக்கிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். காரணம் எங்கள் களத்திலேயே இருக்கிறது. "அமெரிக்காவைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் மிக நல்லதா, ஓரளவு நல்லதா, ஓரளவு மோசமா, மிக மோசமா?" என்று கேட்கும் தாளோடு ஒரு பெண் கிராமத்துக்குப் போனார். திண்ணையில் இருந்த பெரியவர் திருப்பிக் கேட்டாராம்: "எந்த அமெரிக்காம்மா? எழுபத்தொண்ணுல கப்பல் அனுப்பிச்சுதே அதுவா, எம் பேரன் இருக்கானே அதுவா?" 1971 டிசம்பரில் எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில் அமெரிக்கப் படையணி வங்கக் கடலுக்கு வந்ததை அவர் மறக்கவில்லை. பேரனின் விசாவுக்காகச் சென்னை ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றதையும் அவர் மறக்கவில்லை. எங்கள் தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவர் "ஓரளவு நல்லது" என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு போர்க்கப்பலும் ஒரு பேரனும் இருப்பது வாஷிங்டனில் அட்டவணை படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து "அமெரிக்கா" என்ற சொல்லுக்கு அரசு, மக்கள், போய்ப் பிழைக்கும் இடம் என்று குறைந்தது மூன்று பொருள் இருப்பதாக வைத்துக்கொண்டே எந்தக் கணிப்பையும் படிக்கிறேன். ஒரே ஆள் மூன்றுக்கும் மூன்று பதில் வைத்திருப்பார், அதில் முரண் எதுவும் அவருக்குத் தெரியாது.

இன்னொரு தடை பயம். 2002-ல் தெஹ்ரானில் ஒரு கணிப்பு, நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் அமெரிக்காவோடு பேச்சுவார்த்தை வேண்டும் என்கிறார்கள் என்று காட்டியது. கணிப்பை நடத்தியவர்களைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் கதவைத் தட்டி இதே கேள்வியைக் கேட்டால் வரும் பதிலுக்கு என்ன எடை கொடுப்பது? வியட்நாமும் ஒரு கட்சி ஆளும் நாடுதான். ஆனால் இன்றைய நிலையில் அமெரிக்காவைப் பிடிக்கும் என்று சொல்வதாலோ பிடிக்காது என்று சொல்வதாலோ அங்கே யாருக்கும் பெரிய சிக்கல் வராது. அதனால் இந்த ஒரு கேள்வியில் அந்நாட்டு எண்களை ஓரளவு நம்பலாம் என்பது என் கணிப்பு.

சரி, வியட்நாமுக்கு வருவோம். 2017-ல் அங்கே 84 சதவீதம் பேர் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்த வருடம் ஐரோப்பாவின் நட்பு நாடுகள் பலவற்றில்கூட அப்படி ஓர் எண் கிடையாது. முதல்முறை இதைப் பார்த்தபோது தட்டச்சுப் பிழையோ என்று நினைத்தேன். வியட்நாம் அரசின் கணக்குப்படி அமெரிக்காவோடு நடந்த அந்தப் போரில் இறந்த அதன் மக்கள் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர். அவர்கள் அதை "வியட்நாம் போர்" என்று சொல்வதில்லை, அமெரிக்காவை எதிர்த்த போர் என்கிறார்கள். 1975 ஏப்ரல் 30-ல் அது முடிந்த பிறகும் 1994 வரை அமெரிக்கா வணிகத் தடை போட்டு வைத்திருந்தது. அப்புறம் எப்படி 84?

எளிதில் தெரிகிற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய மக்கள்தொகையில் பெரும்பாலானோர் 1975-க்குப் பிறகு பிறந்தவர்கள். வியட்நாமின் ஏற்றுமதியை மிக அதிகமாக வாங்கும் நாடு அமெரிக்கா. வியட்நாமிய வம்சாவளியினர் இருபது லட்சத்துக்கும் மேல் அங்கே வாழ்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், தேத் என்ற புத்தாண்டுப் பண்டிகைக்கு ஊருக்கு வருகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிது சீனா. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு சீன ஆட்சியில் இருந்த நாடு அது. 1979-ல் சீனப் படை எல்லை தாண்டி வந்தது. 2014-ல் வியட்நாம் தன்னுடையது என்று சொல்லும் கடற்பகுதியில் சீனா எண்ணெய்த் துரப்பண மேடையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது வியட்நாமில் கலவரமே நடந்தது. வாசலில் நிற்கிறவனைப் பார்த்துப் பயப்படுகிற வீட்டுக்குத் தூரத்துப் பழைய எதிரியும் துணைதான். இன்னொன்று, அமெரிக்காவுடனான போரில் அவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் மன்னிப்பது எளிது என்று பலரும் எழுதுகிறார்கள். அதை அளந்து காட்டியவர் யாரும் இல்லை, ஆனால் எனக்கும் அது உண்மையாகப் படுகிறது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான காரணம் வேறு. அதைத் தமிழில் அதிகம் யாரும் பேசிப் பார்க்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே ஹனோயில் இருந்த வட வியட்நாம் அரசு தன் மக்களுக்கு அமெரிக்க அரசு வேறு, அமெரிக்க மக்கள் வேறு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. 1945 செப்டம்பர் 2-ல் அதன் தலைவர் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தைத் தொடங்கியதே அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரியோடுதான். 1965 நவம்பர் 2-ம் தேதி பால்டிமோரைச் சேர்ந்த நார்மன் மோரிசன் என்பவர், போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர், பென்டகனுக்கு வெளியே, பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவின் அலுவலக ஜன்னலுக்குக் கீழே, போரை எதிர்த்துத் தீக்குளித்தார். ஒரு வயதுகூட ஆகாத மகளையும் கூட அழைத்து வந்திருந்தார், குழந்தை காயமின்றித் தப்பியது. அமெரிக்காவில் இன்று அவர் பெயர் பலருக்குத் தெரியாது. வட வியட்நாம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது, தெருவுக்கு அவர் பெயரை வைத்தது, அவரைப் பற்றிய கவிதையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், குண்டு போடும் நாட்டுக்காரர் ஒருவருக்காக அழக் கற்றுக்கொண்ட தலைமுறை அது.

இதில் அரசியல் கணக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவுக்குள் போர் எதிர்ப்பு வளர வேண்டும் என்பது ஹனோயின் தேவை. ஆனால் தேவைக்காகச் சொல்லிக்கொடுத்ததும் ஐம்பது அறுபது வருடம் புழங்கினால் மனத்தில் தங்கிவிடுகிறது. இன்றும் அங்கே பேசுகிறவர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் அரசையும் ஆட்களையும் பிரித்துப் பேசுவதற்கு இது ஒரு வேர் என்று நம்புகிறேன். ஒரே வேர் என்று சொல்லவில்லை. தெற்கே இருந்தவர்களின் கதை வேறு, அமெரிக்காவோடு நின்று தோற்று, மறுகல்வி முகாம்கள் என்ற சிறைகளுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களில் சிலருக்கு அமெரிக்கா மேல் உள்ள வருத்தமே நடுவில் விட்டுவிட்டுப் போனதுதான்.

பிடிக்கும் என்பதை மறந்துவிட்டார்கள் என்று படிக்கக் கூடாது. போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி ரசாயனத்தால் பாதிக்கப்பட்ட வியட்நாமியர்கள் அதைத் தயாரித்த நிறுவனங்கள் மேல் அமெரிக்க நீதிமன்றத்தில் போட்ட வழக்கு 2005-ல் தள்ளுபடியானது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அந்த ரசாயனம் ஊறிய தாநாங் விமானதளத்து மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையை அமெரிக்கா 2018-ல் முடித்துக் கொடுத்தது. மண்ணுக்குச் செய்ததை மனிதருக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. குவாங் த்ரி மாகாணத்தில் வயலில் மண்வெட்டி வைக்கும்போது இன்னும் பயப்படுகிறார்கள், அன்று வெடிக்காத குண்டு இன்று வெடிக்கலாம். 84 சதவீதத்துக்குள் இவர்களும் இருக்கக்கூடும், திண்ணைப் பெரியவரைப் போலவே.

வியட்நாமை மட்டும் வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது. அமெரிக்க மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணில் உள்ள அந்த இடைவெளியே துருக்கியில் சுருங்கிப்போயிற்று. 2003 ஜூலை 4-ல் வட ஈராக்கின் சுலைமானியாவில் துருக்கிச் சிப்பாய்கள் சிலரை அமெரிக்கப் படையினர் பிடித்து, தலையில் சாக்கு மாதிரி மூடிபோட்டு இழுத்துப் போனார்கள். நேட்டோவில் கூட்டாளி நாட்டின் சிப்பாய்கள்! வெளியுலகம் இரண்டே நாளில் மறந்தது, துருக்கி இன்றும் மறக்கவில்லை. 2007-ல் அங்கே அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் 9 சதவீதம். இறந்தவர் யாருமில்லை, அவமானம் மட்டும்தான். உயிரிழப்பைவிட அவமானம் நீண்ட நாள் நிற்கும் என்று பொதுவிதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை, ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கோபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

ஒரே செயல் இரண்டு ஊரில் இரண்டு விதமாக நிற்பதும் உண்டு. 1999-ல் நேட்டோ 78 நாள் யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டது. அதனால் செர்பியப் படையிடமிருந்து விடுபட்ட கொசோவோவின் பிரிஷ்டினாவில் பில் கிளிண்டன் பெயரில் பெருஞ்சாலையும் 2009-ல் திறந்த சிலையும் இருக்கின்றன. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் அதே குண்டுவீச்சில் இடிந்த ராணுவத் தலைமையகக் கட்டடம் பல ஆண்டுகள் இடிபாடாகவே நின்றது. இரண்டு ஊருக்கும் நடுவே சில மணி நேரப் பயணம்தான்.

ஈரானை அரசு மேடைகளில் எழும் முழக்கங்களை வைத்துத்தான் நம்மில் பலர் அறிகிறோம். அந்தக் கோபத்துக்குக் காரணங்கள் உண்டு. 1953-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பங்கை அமெரிக்க ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. 1988-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டதில் 290 பேர் இறந்தார்கள். அதே ஈரானின் தப்ரீஸ் நகரில், அரசியலமைப்புப் புரட்சியின் நினைவு இல்லத்தில் ஹோவர்ட் பாஸ்கர்வில் என்ற அமெரிக்க இளைஞரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. மிஷன் பள்ளியில் பாடம் சொல்லவந்தவர். மன்னர் படையின் முற்றுகைக்குள் ஊர் பட்டினி கிடந்தபோது மாணவர்களோடு சேர்ந்து சண்டைக்குப் போய் 1909-ல், 24 வயதில் இறந்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தெஹ்ரானில் இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றதும் நடந்ததுதான்.

எண்ணத்தை மாற்றுவது எது என்பதில் எனக்கு உறுதி குறைவு. 2003-ல் இந்தோனேசியாவில் 15 சதவீதமாக இருந்த நல்லெண்ணம், சுனாமிக்குப் பிறகு 2005-ல் 38 ஆனது. அப்போது அமெரிக்கா செய்த உதவி ஒரு காரணம் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பாகிஸ்தானில் 2005 நிலநடுக்கம் தாக்கிய பகுதியில் தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் நான்கு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். நிலப்பிளவுக்கு அருகில் இருந்து, வெளிநாட்டு உதவியாளர்களை நேரில் கண்டவர்கள் வெளிநாட்டவரைக் கூடுதலாக நம்பினார்கள். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது. ஆனால் அதே நாட்டில், பின்லேடனைத் தேடும் வேலைக்குச் சிஐஏ ஒரு தடுப்பூசி முகாமைப் போர்வையாக வைத்தது என்று 2011-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே போலியோ சொட்டு மருந்து மேல் சந்தேகம் இருந்த ஊர்களில் சந்தேகம் உறுதியானது. அடுத்த ஆண்டே சொட்டு மருந்து போடும் பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கதவு தட்டிப் பிழைத்தவன் என்ற முறையில் இதை என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. ஓர் அரசு பொய் சொல்லிக் கதவைத் திறக்க வைத்தால், அதன் பிறகு நிஜமாகவே மருந்தோடு வருகிறவர் பலியாகிறார்.

ஹாலிவுட் படமும் ஜீன்ஸும் அமெரிக்க அரசுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகின்றன என்ற பேச்சை நான் அதிகம் நம்புவதில்லை. படத்தை ரசித்துவிட்டு வெளியே வந்து கொடியை எரிக்க முடியும். இன்றைய நிலைமைக்கும் ஒரு வார்த்தை. 2025-ல் அமெரிக்காவின் வரிவிதிப்பும், கனடாவை அதன் "51-வது மாநிலம்" ஆக்கலாம் என்ற பேச்சும் வந்தபோது கனடாவில் ஹாக்கி அரங்கத்தில் அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூச்சலிட்டார்கள், ஒன்டாரியோவில் அரசு மதுக்கடைகள் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கின. முன்பெல்லாம் அமெரிக்கப் பயணிகள் சங்கடத்தைத் தவிர்க்கப் பையில் கனடாக் கொடியைத் தைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. உறவுக்காரரின் கோபம்தான் அதிகம் சுடும்போல.

இனி உங்கள் பயணம். வியட்நாமில் முகத்தைப் பார்த்து உங்களை முதலில் இந்தியர் என்றுதான் நினைப்பார்கள். ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது, இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றுகிறவர்களில் அதிகம் பேர் வியட்நாமியர்கள். எந்த நாடு என்று கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள், இரண்டும் உண்மைதானே. மறைத்தால் பையன் ஏன் என்று கேட்பான், அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். அங்கே யாரும் உங்களிடம் மன்னிப்பை எதிர்பார்க்கப் போவதில்லை. வயதானவர் யாராவது போரைப் பற்றிப் பேச்செடுத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள், நான் அந்தக் காலத்தில் இல்லையே என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவருக்கே தெரியும்.

ஹனோயில் ட்ருக் பாக் ஏரிக்கரைக்குப் போங்கள். 1967 அக்டோபர் 26-ல் அமெரிக்கப் போர் விமானி ஜான் மெக்கெய்னின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதைக் கொண்டாட வைத்த நினைவுக்கல் அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் செனட்டராகி இரு நாட்டு உறவு மீளப் பாடுபட்டவர் அவர். 2018-ல் அவர் இறந்த செய்தி வந்ததும் அந்த வெற்றிக் கல்லின் அடியிலேயே ஊர்க்காரர்கள் பூ வைத்தார்கள்.

ஹோ சி மின் நகரின் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தை மட்டும் பையனோடு நேரே நுழைந்து பார்க்காதீர்கள். 1975-ல் திறந்தபோது அதன் பெயரிலேயே "அமெரிக்கக் குற்றங்கள்" என்று இருந்தது. 1990-ல் அமெரிக்காவின் பெயரை எடுத்தார்கள், உறவு சீரான 1995-ல் இப்போதைய பெயர் வந்தது. பெயர்ப்பலகைதான் மாறியது, உள்ளே படங்கள் மிகக் கடுமையானவை. முற்றத்தில் நிற்கும் விமானங்களையும் டாங்கிகளையும் பத்து வயதுப் பிள்ளை பார்க்கலாம். மேல்மாடிகளுக்கு முதலில் உங்களில் ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவனை எந்த அறைவரை அழைத்துப் போவது என்று முடிவு செய்யுங்கள்.